அப்பா வாங்குன 2,480 ரூபாய் கேப்ஸ்யூல்: 1,150 திரும்பி வந்துருச்சு! | அப்பாவோட பிசிஜி டைரி

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்னைக்கு மாடித் தோட்டம் இல்ல. கத்திரி நாத்து வீடியோ போடுறேன்னு சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். போன செவ்வாய்க்கிழமையில இருந்து எனக்கு ஒரே கோவம். இன்னைக்குக் காலையிலதான் கொஞ்சம் அடங்குச்சு. ஏன் அடங்குச்சுன்னு அப்புறம் சொல்றேன்.

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் சுருக்கமா. அப்பாவுக்குப் போன வருஷம் யூரின்ல ரத்தம் வந்துச்சு, வலியே இல்லாம. மூத்திரப்பையில கட்டி. உள்ள குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தாங்க, தசைக்குள்ள இறங்கலைன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அதுக்கப்புறம் பிசிஜி, வாரத்துக்கு ஒன்னா 6 வாரம். நம்ம எல்லாருக்கும் இடது கையில தழும்பு இருக்குல்ல, அதே டிபி தடுப்பூசி மருந்துதான். அதைக் குழாய் வழியா மூத்திரப்பைக்குள்ள விடுறாங்க. 1976ல கனடாவுல அல்வாரோ மொராலஸ்ங்கிற டாக்டர் 9 பேருக்குக் குடுத்துப் பார்த்து எழுதுனாரு, அங்க தொடங்குனது இது. கட்டி திரும்ப வராம இருக்க அப்பப்போ குடுக்குற பராமரிப்பு டோஸ்ல இப்போ அப்பாவுக்கு 6வது மாச ரவுண்டு. வாரம் ஒன்னா மூணு டோஸ். ரெண்டு முடிஞ்சது, நாளன்னைக்கு மூணாவது.

சரி, எனக்குக் கோவம் வந்த அந்த கேப்ஸ்யூல் பெட்டி விஷயத்துக்கு வர்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொரியர்காரர் வந்து அப்பா பேரைச் சொல்லிக் கேக்குறாரு. அம்மா 2,480 ரூபாய் எண்ணிக் குடுத்து வாங்கி வச்சிருக்காங்க. நான் வீட்ல இல்ல. சாயங்காலம் வந்து பார்த்தா ரெண்டு டப்பா, ஒன்னு 1,240. அத்தை யாரோ பேசுன வீடியோவை அனுப்பியிருக்காங்க, அப்பா அவர் போன்லயே ஆர்டர் போட்டுட்டாரு. மூத்திரப்பைக்கு, கேன்சர் சிகிச்சை எடுக்குறவங்களுக்கு, எரிச்சல் குறையும், உடம்பு தெம்பாகும், எல்லாம் போட்டிருக்கு. ஒரு டப்பால 60 கேப்ஸ்யூல். ஆனா ஒரு நாளைக்கு 4! அப்போ ஒரு டப்பா 15 நாள்தான். மாசம் 2,480. பராமரிப்பு டோஸ் மூணு வருஷம் வரைக்கும் போகும்னு நமக்குச் சொல்லியிருக்காங்க. மூணு வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 89,280 ரூபாய். கேல்குலேட்டர்ல ரெண்டு தடவை போட்டேன், அதே 89,280. நான் பார்லி அரை கிலோ 70 ரூபாய்க்கு வாங்குறேன், அது ரெண்டு மாசம் வருது.

இதுல அப்பா மேல எனக்குக் கோவமே இல்ல. ஏன் வாங்குனீங்கன்னு கேட்டதுக்கு, "ராத்திரி ஏழு தடவை எந்திரிக்கிறேம்மா, உங்கிட்ட எத்தனை தடவை சொல்றது"ன்னாரு. எனக்கு அது தெரியவே தெரியாது. நாலு தடவைன்னுதான் என் பச்சை நோட்டுல எழுதி வச்சிருக்கேன். டோஸ் போட்ட ரெண்டு நாள் எரிச்சல், அவசரம், லேசா காய்ச்சல், அடிச்சுப் போட்ட மாதிரி அசதி, இதெல்லாம் வரும்னு தெரியும். ஏழு தடவைன்னு தெரியாது.

அதனால அன்னைக்கு ராத்திரி உக்காந்து லேபிளைப் படிச்சேன். எழுத்து எறும்பு சைஸ். போன்ல போட்டோ எடுத்துப் பெருசு பண்ணித்தான் படிக்க முடிஞ்சது. இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், இதுக்காகத்தான் இந்த வீடியோவே.

முதல் வரி, ஒரு நாளைக்கான 4 கேப்ஸ்யூல்ல வைட்டமின் ஈ 268 மில்லிகிராம். ஏதோ சின்ன நம்பர்னு தோணும். ஆனா ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையே 15 மில்லிகிராம்தான், அமெரிக்க அளவுப்படி. அப்போ இது கிட்டத்தட்ட 18 மடங்கு. பழைய யூனிட் கணக்குல சொன்னா 400 யூனிட். 268ன்னு போட்டதால எனக்கு முதல்ல புரியவே இல்ல. 400னு போட்டிருந்தா அப்பவே சட்டுனு பிடிச்சிருப்பேன், ஏன்னா அந்த 400ஐப் பத்தி நான் முன்னாடியே படிச்சிருக்கேன்.

1994ல அமெரிக்காவுல டொனால்ட் லாம்னு ஒரு டாக்டர், பிசிஜி எடுத்துக்கிட்டிருந்த 65 பேரை வச்சுப் பண்ணுன ஒரு ஆய்வை வெளியிட்டாரு. பாதிப் பேருக்குச் சாதாரண அளவு வைட்டமின். மீதிப் பேருக்கு அதோட ஏ, பி6, சி, ஈ, ஜிங்க் எல்லாம் மூட்டை மூட்டையா. சாதாரண அளவு எடுத்த 30 பேர்ல 24 பேருக்குக் கட்டி திரும்ப வந்துச்சு, அதிகமா எடுத்த 35 பேர்ல 14 பேருக்குத்தான் வந்துச்சு. கேக்கவே ஆசையா இருக்குல்ல? பெட்டிக்குள்ள இருந்த நோட்டீஸ்லயும் இதைத்தான் பெருசா போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் என்னாச்சுங்கிறதைப் போடல. அதே லாம் கூட இருந்து, 670 பேரை வச்சு மறுபடியும் பண்ணி 2010ல வெளியிட்டாங்க. வித்தியாசமே இல்ல. பெரிய ஆய்வுல பலன் காணாமப் போச்சு. அந்த டாக்டரை நான் மதிக்கிறேன், தான் சொன்னதைத் தானே சோதிச்சுப் பார்த்து ஒத்துக்கிட்டாரு. நோட்டீஸ் அடிச்சவங்களை என்னால மதிக்க முடியல. முதல் பாதியை மட்டும் கிழிச்சு ஒட்டியிருக்காங்க.

இன்னும் இருக்கு. பிரிட்டன்ல அப்பா மாதிரியே தசைக்குள்ள இறங்காத கட்டி உள்ள 270 பேருக்கு செலினியம், வைட்டமின் ஈ குடுத்துப் பார்த்தாங்க, 2023ல முடிவு வந்துச்சு. செலினியம் உதவல. வைட்டமின் ஈ எடுத்தவங்களுக்குக் கட்டி திரும்ப வர்றது *கூடியிருக்கு*. அங்க குடுத்தது 200 யூனிட். நம்ம வீட்டு டப்பால 400. சேர்ல இருந்து எந்திரிச்சு டப்பாவை அலமாரி மேல தூக்கி வச்சுட்டேன்.

ரெண்டாவது வரி, பீட்டா கரோட்டின். கேரட்ல இருக்குறதுதானேன்னு அம்மா கேட்டாங்க. கேரட்டா சாப்பிடுறது வேற, மாத்திரையா எடுக்குறது வேறம்மா. 1994ல வெளிவந்த பின்லாந்து ஆய்வுல 29,133 புகைபிடிக்கிற ஆம்பளைங்களை வச்சுப் பார்த்ததுல, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அப்பா முப்பது வருஷம் பீடி குடிச்சவரு. மூத்திரப்பைக் கேன்சருக்குப் பெரிய காரணமே புகைதான். அப்போ இந்த டப்பாவை வாங்குறவங்கள்ல பாதிப் பேராவது புகைச்சவங்களாத்தான் இருப்பாங்க, அவங்களுக்குப் போய் இதை விக்கலாமா?

வைட்டமின் சி 1,000 மில்லிகிராம். உடம்புக்கு மிஞ்சுனது யூரின்லதான் வெளிய வரும், கிட்னியில கல்லு வர்றதுக்கும் வழி பண்ணும். ஏற்கனவே எரியுற இடத்துக்கு இது எதுக்கு? ஜிங்க் 50 மில்லிகிராம், உச்ச வரம்பே 40தான். அப்புறம் கிரீன் டீ சாறு, மஞ்சள்ல எடுத்த குர்குமின், அது உடம்புல நல்லா சேரட்டும்னு மிளகுச் சத்து. ரசத்துல போடுற மஞ்சளையும் மிளகையும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அது என் உயிர். சாறு எடுத்து அடர்த்தியா அடைச்ச கேப்ஸ்யூல் வேற. கிரீன் டீ சாறும் சரி, மிளகு சேர்த்த குர்குமினும் சரி, ஈரலைக் கெடுத்த ஆளுங்க இருக்காங்க. பிசிஜியும் அபூர்வமா ஈரலைப் பாதிக்கும். நாளைக்கு அப்பாவுக்கு ஈரல் டெஸ்ட் ஏறி வந்தா, மருந்தாலயா கேப்ஸ்யூலாலயான்னு டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பாரு? யூரின்ல ரத்தம் தெரிஞ்சா டோஸைத் தள்ளி வச்சிருவாங்க. வைட்டமின் ஈ இந்த அளவுல ரத்தத்தை உறைய விடாம இழுக்கும். நல்லா போய்க்கிட்டிருக்குற சிகிச்சை இதால நின்னா எவ்ளோ கொடுமை.

டப்பாவைப் பையில போட்டு எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்டயே காமிச்சேன். ஒவ்வொரு வரியையும் படிச்சாரு, எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாரு. அப்புறம் "வேற என்ன மாத்திரை வீட்ல போகுது"ன்னு கேட்டாரு பாருங்க, அங்கதான் பெரிய விஷயமே கிடைச்சது! அப்பாவுக்கு எலும்புக்கு கால்சியம் மாத்திரை ரொம்ப நாளா இருக்கு. பிசிஜிக்கு அப்புறம் எரிச்சல் குறைய ஆஃப்லாக்சசின்ங்கிற ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்காங்க, டோஸுக்கு அப்புறம் முதல் தடவை யூரின் போனதுல இருந்து இத்தனை மணி நேரம் கழிச்சுன்னு கணக்கு சொல்லி. அம்மா ஞாபகமா குடுக்கணும்னு ரெண்டையும் ஒரே டப்பியில போட்டு ஒண்ணா குடுத்துட்டிருந்தாங்க. கால்சியம், இரும்பு, ஜிங்க், நெஞ்செரிச்சல் மருந்து, இதெல்லாம் அந்த ஆன்டிபயாட்டிக்கைப் பிடிச்சுக்கும், உடம்புல ஏற விடாது. ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். போன ரவுண்டு முழுக்க அந்த மாத்திரை கொஞ்சமாவது வீணாப் போயிருக்கலாம்.

இப்போ கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாத்தியாச்சு. அட்டவணை எழுதி பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன், சிவப்பு பேனா ஆன்டிபயாட்டிக், நீலம் கால்சியம். ரெண்டாவது டோஸ் முடிஞ்ச மறுநாள் ராத்திரி அப்பா அஞ்சு தடவைதான் எந்திரிச்சாரு. ஏழுல இருந்து அஞ்சு! மாத்திரையாலதானான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா நோட்டுல அதைப் பெருசா வட்டம் போட்டு வச்சிருக்கேன். ஆங், சொல்ல மறந்துட்டேன், அந்த ஆன்டிபயாட்டிக்கை நீங்களா வாங்கிக் குடுத்துராதீங்க. பிசிஜி உயிரோட இருக்குற கிருமி, நேரம் தப்புனா மருந்தையே கொன்னுரும்.

கமென்ட்ல அடிக்கடி வர்ற கேள்விகளையும் சொல்லிர்றேன். கிரான்பெர்ரி ஜூஸ், எனக்குப் பிடிக்காது. சர்க்கரைத் தண்ணி, புளிப்பு வேற, அப்பாவுக்கு எரிச்சல் கூடத்தான் செஞ்சது. பார்லித் தண்ணிதான் நம்ம வீட்ல. அது மருந்துன்னு நான் சொல்லல, தண்ணி குடிக்க வைக்க அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கல. கூட ஒரு கல் உப்பு, மோர். டோஸ் அன்னைக்குக் காலையில தண்ணி கம்மி, மருந்தை உள்ள வச்சிருக்குற ரெண்டு மணி நேரம் முடிஞ்சப்புறம் நிறைய. காபி அந்த ரெண்டு நாளும் கிடையாது, அப்பா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாலும் கிடையாது.

சிஸ்பிளாட்டின் கீமோ எடுக்குறவங்க இஞ்சி கேட்டிருந்தீங்க. இஞ்சிக்கு ஆதாரம் இருக்கு. 576 பேர்ல பார்த்து 2012ல எழுதியிருக்காங்க, நாளைக்கு அரை கிராம்ல இருந்து ஒரு கிராம், வாந்திக்குக் குடுக்குற வழக்கமான மருந்தோட சேர்த்து, குமட்டல் குறைஞ்சிருக்கு. கேட்டுட்டு எடுங்க. கை கால் மரத்துப்போகுதுன்னு அசிட்டைல் கார்னிட்டின்ங்கிற சப்ளிமென்ட்டை வாங்காதீங்க. வேற கீமோ எடுத்த மார்பகப் புற்றுநோய்க்காரங்ககிட்ட சோதிச்சப்போ மரப்பு கூடிருச்சு. மூத்திரப்பையை எடுத்துட்டு, யூரின் வெளிய வரக் குடலை வச்சு வழி பண்ணியிருந்தா, பி12 வருஷக்கணக்குல மெதுவா குறையலாம், அதுக்கு டெஸ்ட் பண்ணிப் பார்த்து ஊசி போடுவாங்க. குறைஞ்சது எதுன்னு தெரிஞ்சு குடுக்குறாங்க பாருங்க, அந்த மாதிரி சப்ளிமென்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

காசு விஷயம்! வித்தவங்க திருப்பி எடுக்க முடியாதுன்னுட்டாங்க. அவங்க பக்கத்துலயே பிரிக்காத டப்பா 7 நாளைக்குள்ள எடுப்போம்னு போட்டிருந்துச்சு, அதைப் படம் பிடிச்சு அனுப்புனேன். மூணு போன், ஒரு தடவை 41 நிமிஷம் பாட்டு கேட்டுக்கிட்டு நின்னேன். அப்பா ஒரு டப்பாவைப் பிரிச்சு 4 கேப்ஸ்யூல் சாப்பிட்டிருந்தாரு, அதனால ஒரு டப்பாவுக்கு மட்டும் 1,240, அதுல கொரியருக்கு 90 பிடிச்சுக்கிட்டாங்க. இன்னைக்குக் காலையில 9:10க்கு 1,150 ரூபாய் வந்து விழுந்துச்சு. அந்த மெசேஜை அப்பாகிட்ட காமிச்சேன், சிரிச்சாரு.

அய்யோ, போன வீடியோவுல நிறைய பேர் கேட்ட டாய்லெட் விஷயத்தை விட்டுட்டேன். டோஸ் போட்டு 6 மணி நேரம் வரைக்கும் உக்காந்துதான் யூரின் போகணும், தெறிக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் பிளீச் ஊத்தி, 15 நிமிஷமாவது விட்டுட்டு அப்புறம் தண்ணி ஊத்தணும். கையை சோப்பு போட்டுக் கழுவணும். காய்ச்சல் 101.5ஐத் தாண்டுனாலோ, ரெண்டு நாளாகியும் இறங்கலைன்னாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் இப்போ பிளீச் வாங்கக் கடைக்குக் கிளம்புறேன், வீட்ல கால் பாட்டில்தான் இருக்கு. மூணாவது டோஸ் எப்படிப் போச்சுன்னு சனிக்கிழமை சொல்றேன்.