கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல்

வணக்கம் நேயர்களே.

நான் இருந்து பேசுகிற இந்த ஒலிப்பதிவு அறைக்கு ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தம்பிமார் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். திருகோணமலைக்கு ஒரு மீன் காட்சிச்சாலை வேண்டும் என்று பேச வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

திருகோணமலையில் கடலைக் காணாத பிள்ளை இல்லை. கோணேசர் கோயிலுக்கு ஏறினால் கடல். உட்துறைமுக வீதியால் சைக்கிளில் போனால் கடல். டச் பே மணலில் இருந்து கச்சான் கொறித்தால் கண்ணுக்கு முன்னால் கடல். ஆனால் நாங்கள் கண்டதெல்லாம் கடலின் கூரையைத்தான். வீட்டுக்குள்ளே போனவர்கள் மிகக் குறைவு.

இது எனக்கு உறைத்தது 2003ஆம் ஆண்டு. அப்போது நான் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சமாதான காலம், பாதை திறந்திருந்தது. பிள்ளைகளை இரவு பஸ்ஸில் ஏற்றி, விடிய கொழும்பில் இறங்கி, தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே மீன்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. எல்லாரும் சிங்கம், யானை என்று ஓடிவிட்டார்கள். ஒருவன் மட்டும் ஒரு தொட்டிக்கு முன்னால் அசையாமல் நின்றான். தகப்பன் கடற்றொழிலாளி, இவனும் லீவு நாட்களில் வள்ளத்தில் போகிறவன். தொட்டிக்குள் கிளிமீன். "சேர், இது இப்பிடியா நீந்தும்?" என்று கேட்டான். அதன் செவுள், குடல், முள் எல்லாம் அவனுக்குத் தெரியும். வலையில் துடித்துச் சாகிறபோது மங்கிப்போகிற நிறமும் தெரியும். செட்டை இரண்டையும் துடுப்புப் போல வலித்து அது சாவகாசமாகப் போகிற விதம்தான் அவனுக்குப் புதிது.

அந்தக் கிளிமீன் முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறையில், படிந்த பாசியைக் கொறிக்கும். கொறிக்கையில் கல்லும் சேர்ந்து வயிற்றுக்குள் போய், மாவாகி, மணலாக வெளியே வரும். புறாத்தீவுக் கரையின் வெள்ளை மணலில் நீங்கள் கால் புதைக்கிறபோது, அதில் ஒரு பங்கு இந்த மீன் போட்டதுதான். முகம் சுளிக்க வேண்டாம்!

கடலோர நகரத்தில் மீன் காட்சிச்சாலை கட்டுவது புதுமையல்ல. சென்னை மெரினாக் கரையில் 1909இலேயே ஒன்று திறந்தார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்திலும் துறைமுகத்தின் ஒரு பகுதிக்குப் பெயர் உட்துறைமுகம்தான், எங்களைப் போலவே. பழைய கப்பல் வணிகம் தளர்ந்து வெறிச்சோடிக் கிடந்த அந்தக் கரையில் 1981இல் மீன் காட்சிச்சாலை கட்டினார்கள். ஜூலை முதலாம் திகதிக்குள் திறக்காவிட்டால் சீல் என்கிற கடல்நாய் நீந்துகிற தொட்டிக்குள் குதிப்பேன் என்று நகர மேயர் வில்லியம் டொனால்ட் ஷேபர் வாக்குக் கொடுத்திருந்தார். வேலை முடியவில்லை. மனுஷன் கோடு போட்ட பழங்கால நீச்சலுடையோடு, கையில் ஒரு விளையாட்டு வாத்தையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். சொன்ன திகதி பிசகினதற்கு ஒரு அரசியல்வாதி நனைந்த கதை எனக்குத் தெரிய இது ஒன்றுதான்.

சரி, இப்படி ஒரு இடத்தில் மீனைப் பிடித்து வைப்பதல்ல கஷ்டம். தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான். மீனின் செவுளால் அமோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். கடலில் அது கரைந்துபோய்விடும், தொட்டியில் அதே மீனுக்கு நஞ்சாகும். அதைத் தின்று நைத்திரைற்றாக மாற்ற ஒரு வகைப் பற்றீரியா வேண்டும். நைத்திரைற்றும் நஞ்சு. அதை நைத்திரேற்றாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குடிகள் மணலிலும் வடிகட்டியிலும் பெருக ஒரு மாதம், சிலவேளை அதற்கும் மேலே செல்லும். அதுவரை தொட்டியில் மீன் நிறைக்க ஏலாது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார் என்று பற்றீரியாவை அவசரப்படுத்த முடியாது.

பிறகு மின்சாரம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பம்ப் நின்றால் தொட்டித் தண்ணீரில் ஒட்சிசன் குறையத் தொடங்கும். மீன் நெருக்கமாக இருந்தால் சில மணித்தியாலத்தில் வயிறு மேலே தெரியும். ஆகவே ஜெனரேற்றர் வாங்க வழியில்லாதவர்கள் மீன் வாங்கக் கூடாது என்பேன்.

பெரிய கண்ணாடி என்று நாங்கள் நினைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஜப்பானின் ஒக்கினாவாவில் 2002இல் திறந்த மீன் காட்சிச்சாலையில் அது அறுபது சென்ரிமீற்றர் தடிப்பு, ஒரு முழத்துக்கும் கூட. அதற்குப் பின்னால் திமிங்கிலச்சுறா என்கிற பெரிய புள்ளிச்சுறா நீந்துகிறது. இந்தத் தட்டையான சுவர்கள் ஒரு கள்ள வேலையும் செய்யும். நாலு அடி தள்ளி நிற்கிற மீன் மூன்று அடியில் நிற்பது போலத் தெரியும். எங்கள் கடைக்காரர் எவரிடமும் இல்லாத நிறுவை!

எனக்கு மிகவும் பிடித்தது கலிபோர்னியாவின் மொன்ரரே. 1984இல், சாளை மீனை ரின்னில் அடைத்த பழைய தொழிற்சாலை நின்ற இடத்தில் அதைக் கட்டினார்கள். சாளை அருகித் தொழில் படுத்துப்போன ஊர் அது. அங்கே தொட்டிக்குள் விடுவது எதிரே இருக்கிற குடாவின் தண்ணீரையே. பகலில் வடித்து விடுவார்கள், பார்க்க வருகிறவர்களுக்குத் தெளிவாகத் தெரிய. இரவில் வடிக்காமல் விடுவார்கள். குஞ்சும் குருமனும் பாசி வித்தும் அதோடு வந்து தாமாகவே ஒட்டிக்கொண்டு வளரும். அந்தக் குடாவில் கரையை அண்டியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழத்துக்கு இறங்குகிறது. அப்படி ஒன்று எங்களுக்கும் இருக்கிறது. கொட்டியாரக் குடாவில் தொடங்கி, கரைக்குச் சில கிலோமீற்றருக்குள்ளேயே ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறது. நீலத் திமிங்கிலம் எங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம்.

நீலத் திமிங்கிலத்தை எந்தத் தொட்டியிலும் அடைக்க முடியாது, நல்லகாலம். டொல்பினையும் அடைக்க வேண்டாம் என்பது என் கட்சி. பால்டிமோர்க்காரரே தங்கள் டொல்பின்களைக் கடலோரச் சரணாலயத்துக்கு அனுப்பப்போவதாக 2016இல் அறிவித்துவிட்டார்கள்.

"கண்ணுக்கு முன்னால் புறாத்தீவு, அது தேசிய பூங்கா, தொட்டி எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் மாஸ்க் போட்டு அங்கே இறங்குகிறது யார்? வெளியூர்க்காரர். எங்கள் அம்மாமார் சேலையோடு முழங்கால் மட்டும் நனைத்துவிட்டு வருகிறார்கள். முழங்கால் வலிக்கிற என்னைப் போன்றவர்கள் படகிலேயே ஏறுவதில்லை. டைனமைட் போட்டு மீன் பிடிப்பதை எதிர்த்து எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்த வெடி உடைப்பது எதை என்று கண்ணால் காட்ட என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை, ஒரு படத்தைத் தவிர.

பெரிதாக வேண்டாம். ஒரே ஒரு தொட்டி போதும். நீமோ என்று பிள்ளைகள் கத்துகிற மீனோடு, சந்தையில் பெயர் சொல்லி விலை கேட்கிற கலவாயும் விளைமீனும் ஒட்டியும் திருக்கையும் அதில் இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல, வலை இழுத்துக் கை காய்த்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும்.

அந்தக் கிளிமீன் பையனுக்கு இப்போது சொந்தமாக இரண்டு வள்ளம். இன்றைக்கு இதைப் பற்றி ரேடியோவில் பேசப்போகிறேன் என்று நேற்று அவனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "சேர், தண்ணி எங்கயிருந்து எடுப்பாங்கள்? துறைமுகத்துக்குள்ள எடுத்தால் எண்ணெய். கொட்டியாரத்தில எடுத்தால் வாடை மழைக்கு மகாவலி வந்து உப்பைக் குறைச்சுப்போடும், கலங்கலும். கோட்டைக்கு வெளியால, நல்லா ஆழத்தில குழாய் போடச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டேன், தம்பி. வணக்கம்.