மெத்தை வீடும் நாணல் சுவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

1746-ஆம் ஆண்டு அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை. இரவு பத்தரை மணி. தென்னமெரிக்காவில், பசிபிக் கரையை ஒட்டிய லிமா நகரம் அடங்கும் நேரம். இன்றைக்கு அது பெரு நாட்டின் தலைநகர். அன்றைக்கு ஸ்பெயின் அரசரின் வைசிராய் உட்கார்ந்து ஆண்ட ஊர். மலைச் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளி பக்கத்திலிருந்த கயாவோ துறைமுகத்தில் கப்பல் ஏறும். அந்தப் பணத்தில் லிமாவில் தேவாலயங்கள், கன்னியர் மடங்கள், மாடத்தோடு கூடிய மெத்தை வீடுகள் எல்லாம் எழுந்திருந்தன.

அந்த இரவில் நிலம் மூன்று நான்கு நிமிடம் ஆடியது. கேட்பதற்குக் கொஞ்ச நேரம்தான். நான் பேச ஆரம்பித்து இன்னும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்பதை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிமாவில் அப்போது சுமார் 3,000 வீடுகள். அவற்றில் ஒழுங்காக நின்றவை 25 என்று அந்தக் காலப் பதிவுகள் சொல்கின்றன. தலைமைத் தேவாலயத்தின் கோபுரங்கள் சரிந்தன. வைசிராயின் மாளிகையிலேயே குடியிருக்க முடியவில்லை. ஐம்பது அறுபதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் இறந்தவர்கள் 1,141 என்பது அரசுக் கணக்கு. இடிந்த அளவைப் பார்த்தால் இது குறைவுதான். வீட்டுக்கு நடுவே முற்றம் இருந்ததும், சின்ன ஆட்டத்துக்கே வெளியே ஓடி ஓடிப் பழகிய ஜனம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கயாவோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடற்கொள்ளையருக்குப் பயந்து சுற்றிலும் மதில் கட்டிக்கொண்ட துறைமுகம் அது. நிலம் ஆடி நின்றதும் அங்கே இருந்தவர்களும் லிமாக்காரர்களைப் போலத்தான் இடிபாட்டில் சொந்தக்காரர்களைத் தேடியிருப்பார்கள். அரை மணி நேரம் போனது. அப்புறம் கடல் வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் பேரில் பிழைத்தது இருநூறு பேர் அளவில்தான். துறைமுகத்தில் நின்ற 23 கப்பல்களில் 19 மூழ்கின. மீதி நான்கையும் அலை தூக்கிக்கொண்டு போய் ஊருக்குள் தரையில் வைத்தது. அதில் ஒன்று சான் ஃபெர்மின் என்ற போர்க்கப்பல். மறுநாள் லிமாவிலிருந்து போய்ப் பார்த்தவர்களுக்கு மதிலில் சில துண்டுகள் கிடைத்தன, ஊர் கிடைக்கவில்லை.

காரணம் இன்று நமக்குத் தெரியும். பசிபிக்கின் அடியில் உள்ள நாஸ்கா தட்டு என்ற பெரும் பாறைப்பாளம் ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் வீதம் தென்னமெரிக்காவின் அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. சிக்கிக்கொண்ட இடம் திடீரென்று விடுபடும்போது கடலடித் தரை உயர்ந்து, மேலே உள்ள தண்ணீரையும் தூக்கிவிடும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நடந்ததும் இதே வகைதான். லிமாவின் நடுக்கத்தின் அளவை இன்று 8.6 முதல் 8.8 வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

அன்றைய லிமாவில் பலர் வேறு காரணம் சொன்னார்கள். கடவுளின் கோபம் என்றார்கள். அதற்கு எது காரணம் என்று தேடி, கடைசியில் பெண்கள் உடுத்தும் உடையில் வந்து நின்றார்கள். பாதிரிமார்கள் அதைப் பற்றிக் கடுமையாகப் பிரசங்கம் செய்தார்கள். பூமிக்கடியில் தட்டு நகர்வதற்கும் பாவாடைக்கும் என்ன சம்பந்தமோ! எந்த ஊரிலும் பழியைப் போட ஒரு பெண் கிடைத்துவிடுகிறாள்.

சரி, வைசிராய் விஷயத்துக்கு வருவோம். அவர் பெயர் ஹோசே அந்தோனியோ மான்சோ தே வெலாஸ்கோ. முன்பு சிலியில் ஆளுநராக இருந்து அங்கே பல ஊர்களை நிறுவியவர். பெருவுக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஊர் நடுவில் இருந்த மைதானத்தில் கொட்டகை போட்டுக்கொண்டு அங்கிருந்தே வேலையை ஆரம்பித்தார். முதல் கவலை ரொட்டி. லிமா சாப்பிட்ட கோதுமையில் பெரும்பங்கு சிலியிலிருந்து கப்பலில் வந்து கயாவோக் கிடங்குகளில் இறங்கும். அந்தக் கிடங்குகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. லிமாவில் அடுப்புகள் இடிந்துகிடந்தன, வாய்க்கால்கள் உடைந்துகிடந்தன. பேக்கரிக்காரர்களைக் கூட்டி அடுப்பைக் கட்டச் சொன்னார். தண்ணீருக்கு ஆளை அனுப்பினார். திருடுபவர்களுக்குத் தெரியட்டும் என்று தூக்குமரத்தையும் நட்டுவைத்தார். கடல் மறுபடி வருகிறது என்று வதந்தி கிளம்பி, ஜனம் மலைப்பக்கம் ஓடிய நாளும் உண்டு.

அடுத்த கேள்வி, எப்படித் திரும்பக் கட்டுவது? அதற்கு அவர் கூப்பிட்ட ஆள் லூயி கோடான் என்ற பிரெஞ்சு வானியலாளர். பூமியின் வடிவத்தை அளக்க 1735-இல் பாரிஸிலிருந்து, இன்றைய எக்குவடோரில் உள்ள கீட்டோ பக்கம் வந்த குழுவில் ஒருவர். அங்கே கடன்பட்டு, ஊர் திரும்ப முடியாமல், லிமாவின் சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். பூமியை அளக்க வந்தவருக்கு ஆடுகிற பூமியில் ஊர் கட்டும் வேலை வாய்த்தது.

கோடான் சொன்னது எளிமையானது. தெருவை அகலமாக்குங்கள். சுவரைத் தாழ்த்துங்கள். கல்லிலும் செங்கல்லிலும் மாடி வேண்டாம், உயரமான கோபுரமும் வேண்டாம். வைசிராய்க்கு இது பிடித்துப்போய், மெத்தை வேண்டாம் என்று உத்தரவு போட்டார்.

கிளம்பியது எதிர்ப்பு. நின்ற மாடியையும் நாங்களே இடிப்பதா, அந்தச் செலவு யாருடையது என்று கேட்டார்கள். வாடகை போய்விடும் என்றார்கள். சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது என்று நான் நினைக்கிறேன். மெத்தை வீட்டுக்காரர் என்றால் அங்கேயும் ஒரு மதிப்பு. மாடத்தில் நின்று தெருவைப் பார்த்தவர்களைத் தெருமட்டத்துக்கு இறக்கினால் எப்படிப் பொறுப்பார்கள்? பல வீடுகளின் மேல் மடங்களிடம் வாங்கிய கடன் வேறு இருந்தது. வீடே விழுந்த பிறகு வட்டி கட்ட வேண்டுமா என்று அது தனி வழக்காக வருடக்கணக்கில் ஓடியது.

கடைசியில் வைசிராய் ஒரு படி இறங்கினார். மாடி கட்டலாம், ஆனால் கின்ச்சாவில் மட்டும். கின்ச்சா என்றால் மரச்சட்டம் நிறுத்தி, அதில் நாணல் தட்டைகளைக் கட்டி, மேலே மண் அப்பிய சுவர். நம் ஊரில் மூங்கில் வரிச்சுப் பிடித்து மண் பூசுவார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி. ஆட்டம் வந்தால் வளைந்து கொடுக்கும். விழுந்தாலும் கல்லைப் போல ஆளை நசுக்காது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அந்தக் கரையோர மக்களுக்குத் தெரிந்த வேலை இது. முந்தைய நூற்றாண்டிலேயே லிமாவின் சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்துக்கு இப்படித்தான் கூரை வளைவு போட்டார்கள். 1687-இல் லிமாவை உலுக்கிய பெரிய நடுக்கத்தையும் அது பார்த்துவிட்டது. ஆக, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. குடிசைக்கு உரியது என்று நினைத்ததை மாளிகையில் ஏற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கயாவோ மக்களைக் கடலிலிருந்து விலக்கிக் குடியேற்ற, சற்று உள்ளே பெயாவிஸ்தா என்று புதிய ஊர் அமைத்தார்கள். கரையில் ரியால் ஃபெலிப்பே கோட்டை எழுந்தது. கப்பல் வேலை கரையில்தானே இருக்கிறது? ஜனமும் மெல்ல மெல்லக் கரைக்கே திரும்பியது. கயாவோ இன்றும் பெருவின் முதன்மைத் துறைமுகம்.

1748-இல் அரசர் வைசிராயைப் பிரபுவாக்கினார். சூப்பருண்டா பிரபு என்று பட்டம், அதாவது அலைக்கு மேல் நின்றவர். 1761-இல் பதவி முடிந்து ஸ்பெயினுக்குத் திரும்பும் வழியில் ஹவானாவில் தங்கியிருந்தார். 1762-இல் ஆங்கிலேயக் கடற்படை வந்து அந்த நகரைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தோல்விக்குப் பொறுப்பென்று, அலைக்கு மேல் நின்றவரை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள்.

லிமாவின் தலைமைத் தேவாலயத்தில் இன்று நுழைந்து அண்ணாந்து பார்த்தால், கல்லில் செதுக்கியதைப் போலக் கனமான வளைவுகள் தலைக்கு மேலே போகும். 1746-க்குப் பிறகு கட்டியவை. உள்ளே இருப்பது மரமும் நாணலும்தான். கல் மாதிரி தெரியட்டும் என்று மேலே பூசிவிட்டார்கள்.

வணக்கம்.