மாடு மேய்க்கிறதுக்கா படிக்கணும்?

(திரையில்: காரைக்குடி பக்கம் ஒரு கண்மாய்க் கரை)

"ஒழுங்காப் படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்." கல்லல், தேவகோட்டை, காரைக்குடி என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் இந்த வசனம் தெரியாத பிள்ளை இருக்காது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இதைத் தண்டனையாகவே கேட்டு வளர்ந்த பிள்ளையிடம், பத்தாவது முடிந்ததும் போய் "வேளாண்மை படிக்கிறியா தம்பி?" என்றால் சிரிக்கத்தான் செய்யும்.

வாத்தியார்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. செட்டிநாடு வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் ஒரு போகம் நெல், பெருகாவிட்டால் வயல் முழுக்கச் சீமைக்கருவேலம். அப்பா நகையை அடகு வைத்து நாற்று நட்டதையும், கடைசியில் தண்ணீர் பத்தாமல் பயிர் கருகியதையும் பார்த்த பையன் சிங்கப்பூர் போகிறேன் என்கிறான் என்றால், அது சோம்பல் இல்லை, கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு குழப்பம் இருக்கிறது. விவசாயம் பார்ப்பதும் வேளாண்மை படிப்பதும் ஒன்று என்று நினைக்கிறார்கள்.

(திரையில்: ஆய்வுக்கூடம், மண் மாதிரி)

பி.எஸ்சி. வேளாண்மை 4 வருடப் படிப்பு. மண்ணியல், பூச்சியியல், பயிர் நோய்கள், மரபியல், பண்ணைப் பொருளாதாரம் எல்லாம் வரும், கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பார்க்கும் பருவமும் உண்டு. நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். படித்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. எழுதி வேளாண் அலுவலர் ஆகலாம், வங்கிகளில் விவசாயக் கடன் பார்க்கும் அதிகாரி ஆகலாம், விதைக் கம்பெனிக்கும் போகலாம். எல்லோருக்கும் வேலை காத்திருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிற விளம்பரத்தை நம்பவும் வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், இதற்குக் கோயம்புத்தூர் வரை போக வேண்டும் என்றே இங்கே பலர் நினைக்கிறார்கள். செட்டிநாட்டிலேயே மானாவாரி விவசாயத்துக்கான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 2022-இல் அரசு வேளாண் கல்லூரியும் வந்துவிட்டது. குன்றக்குடியில், விவசாயிகளுக்குப் புதிய முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டிப் போகிற பிள்ளைகளை ஒரு தடவை உள்ளே கூட்டிப்போனால் என்ன?

சரி, ஆசை வந்துவிட்டது என்றால்? பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுங்கள். தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் எடுத்தவர்களுக்கும் வழி உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 2021 சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும், அதனால் நடுவில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்றை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், கவுன்சிலிங் நேரத்தில் அலைய முடியாது.