‘பெரம்பூர் பக்கம்’

(‘வடசென்னை இளைஞர்களைப் பற்றி ஊர் வைத்திருக்கும் எண்ணத்துக்குக் காரணம் நேரில் கண்ட அனுபவமா, திரையும் செய்தியுமா?’ என்ற பட்டிமன்றத்தில், திரையும் செய்தியுமே என்ற அணியில் கடைசியாகப் பேசியது.)

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். பத்து நிமிடம்தான் என்று மணியைக் காட்டிவிட்டார்கள். வணக்கத்தை இதோடு முடித்துக்கொண்டு என் தம்பியின் கதைக்கு வருகிறேன்.

நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். என் தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போய்வரவே நாளைக்கு நாலு மணி நேரம் போகிறது என்று தாம்பரம் பக்கம் வீடு தேடினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டூலெட் பலகை தொங்கிய ஒரு வீட்டுக்குப் போனான். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு மணியை அடித்தான்.

வீட்டுக்கார அம்மா நல்லவர். இதை நான் மனசாரச் சொல்கிறேன். மாடிக்கு அழைத்துப் போய் அறையைக் காட்டினார். மோட்டார் எப்போது போடுவார்கள், துணி காயப்போட எந்தக் கொடி, தண்ணீர் கேன் போடுகிற பையன் எத்தனை மணிக்கு வருவான் எல்லாம் சொன்னார். காபி கொடுத்தார். அட்வான்ஸில் பத்தாயிரம் குறைத்துக்கொண்டார். ‘நீ என் பையன் மாதிரி இருக்கேப்பா’ என்றார். எல்லாம் பேசி முடித்த பிறகு, ஆதார் நகலை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பெயரைப் படித்தார், அப்பா பெயரைப் படித்தார், தெருவைப் படித்தார். அப்புறம் வியாசர்பாடி.

கண்ணாடியைக் கழற்றினார். ‘அடடா, நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்கப்பா, எனக்கு ஞாபகமே இல்ல பாரு.’

என் தம்பி கோபப்படவில்லை. எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். ‘அம்மா, நீங்க எங்க ஏரியாவுக்கு வந்திருக்கீங்களா?’

‘இல்லப்பா. டிவியில பார்த்திருக்கேன்.’

நடுவர் அவர்களே, இந்தப் பட்டிமன்றத்துக்கான தீர்ப்பை அந்த அம்மா அன்றைக்கே எழுதிவிட்டார். என்ன கேட்டான்? வந்திருக்கிறீர்களா என்று கேட்டான். என்ன சொன்னார்? டிவியில் பார்த்திருக்கிறேன் என்றார். பேசின் பிரிட்ஜைத் தாண்டாத ஒருவருக்கு, பேசின் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பையன்மீது பயம் வந்தது எந்த வழியாக? அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

கதை முடியவில்லை. அடுத்த ஞாயிறு. அதே தம்பி, அதே சட்டை, அதே சம்பளச் சீட்டு. இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீடு. ‘எந்த ஏரியா தம்பி?’ என்று கேட்டார்கள். இந்தத் தடவை அவன் சொன்னான்: ‘பெரம்பூர் பக்கம்.’

வீடு கிடைத்தது!

ஆதாரை அவர்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பெரம்பூர் பக்கம்தான். அதில் பொய் இல்லை. ஆனால் ‘பக்கம்’ என்கிற அந்த ஒரு சொல்லை எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் தினம் தினம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா? புளியந்தோப்புப் பையனும் சொல்வான், கொடுங்கையூர்ப் பையனும் சொல்வான். வேலைக்கு நேர்காணல், பெண் பார்க்கப் போகிற இடம், பைக் லோன் எல்லாவற்றுக்கும் அதுதான். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் வகுப்பில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இப்போதே அதைப் பழகிக்கொண்டிருக்கிறான். ‘வெளியே கேட்டா அப்படித்தான் மிஸ் சொல்லணும்’ என்கிறான்.

சரி, எதிரணி நண்பருக்கு வருகிறேன். அவர் பேசும்போது நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள், நான் பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: ‘நான் சிக்னலில் நின்றேன். முடிக்குக் கலர் அடித்த ஒரு பையன் பைக்கில் பக்கத்தில் வந்து நின்றான். என் கை தானாகச் செல்போனை எடுத்துச் சட்டைக்குள் வைத்தது. சினிமாக்காரனா வந்து என் கையைப் பிடித்து வைத்தான்? இது அனுபவம் அம்மா, அனுபவம்!’

நண்பரே, அப்புறம் என்ன நடந்தது? அதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டீர்களே. அந்தப் பையன் உங்களைத் திரும்பிப் பார்த்தானா? இல்லை என்று தலையாட்டுகிறார், பாருங்கள். உங்கள் போனைப் பார்த்தானா? இல்லை. பச்சை விழுந்தது, அவன் போய்விட்டான். அப்படியானால் அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த அனுபவம் என்ன? முடிக்குக் கலர் அடித்த ஒரு பையன் சிக்னலுக்குக் கட்டுப்பட்டு நின்று, பச்சை விழுந்ததும் ஒழுங்காகப் போனான். அதுதானே நீங்கள் கண்ணால் கண்டது? கண் ஒன்றைப் பார்க்க, கை வேறொன்றைச் செய்திருக்கிறது. அந்தக் கைக்குப் பாடம் எடுத்தது யார்?

இன்னொன்றும் கேட்கிறேன். அவன் முதுகில் என்ன இருந்தது? சாப்பாடு கொண்டு போகிற பெரிய பை இருந்ததா? யோசிக்கிறார். ஞாபகம் வராது. முடியின் நிறம் ஞாபகம் இருக்கிறது, முதுகில் இருந்த சுமை ஞாபகம் இல்லை. யாரோ ஒருவர் வீட்டு மத்தியானச் சோறு அந்தப் பையில் சூடு ஆறாமல் போய்க்கொண்டிருந்திருக்கலாம். உங்கள் வீட்டுச் சோறாகவும் இருந்திருக்கலாம். கதவைத் திறந்து அவன் கையிலிருந்து வாங்கும்போது நமக்குப் பயம் இல்லை. சிக்னலில் பக்கத்தில் நின்றால் மட்டும் பயம்.

அந்தப் பாடம் எடுத்தது யார் என்று நான் சொல்கிறேன். துறைமுகத்துக் கிரேனை மேலிருந்து காட்டுவார்கள். அப்படியே கேமரா இறங்கினால் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. மாடிப்படியில் நாலு பையன்கள். ஒருவன் கையில் கேரம் ஸ்ட்ரைக்கர், இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் பட்டாக்கத்தி. ஊர் பெயரைத் திரையில் எழுதவே வேண்டாம், அரங்கத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும். இதை முப்பது வருடமாகப் பார்த்துப் பார்த்துத்தான் உங்கள் கை பழகியிருக்கிறது.

செய்தி மட்டும் என்ன? எங்கள் பகுதியில் ஒருவன் தப்பு செய்தால் ‘வியாசர்பாடி ரவுடி’, ‘காசிமேடு ரவுடி’. கோடிக்கணக்கில் சீட்டுப் பணத்தைச் சுருட்டுகிறவர் பெயருக்கு முன்னால் அவர் குடியிருக்கிற நகரின் பெயரைப் போட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு ‘நிதி நிறுவன அதிபர்’ என்று மரியாதையான அடைமொழி. கத்தி எங்கள் பகுதியில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. என் தெருவிலேயே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறோம். அவன் அம்மா இன்றைக்கும் சாயங்காலம் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒருவனுடைய கத்தியை ஓராயிரம் பேர் கையில் ஏன் கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

‘புள்ளிங்கோ’ என்று ஒரு சொல். கலர் முடி, விலையுயர்ந்த பைக், வேலைவெட்டி இல்லாதவன் என்று அதற்கு இணையத்தில் ஒரு அர்த்தம் எழுதிவிட்டார்கள். 2019 வாக்கில் அந்தச் சொல் ஊர் முழுக்கப் பரவியது. அது எங்கே பிறந்த சொல் தெரியுமா? பிள்ளைகள் என்பதை எங்கள் பக்கம் புள்ளைங்கோ என்போம். விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் அம்மா வாசலில் நின்று ‘புள்ளைங்கோ, துன்ன வாங்கோ’ என்று கூப்பிட்ட சொல் அது. ஒரு தாய் சாப்பிடக் கூப்பிட்ட சொல்லை எடுத்து, அவள் பிள்ளையைத் திட்டுகிற சொல்லாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய கொள்ளை எங்கள் ஏரியாவில் நடந்ததில்லை.

அதிலும் மோசம் அந்தக் கட்டுப் போட்ட படங்கள். பிடிபட்ட பையன் கையில் மாவுக்கட்டோடு கும்பிட்டுக்கொண்டு நிற்பான். ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்று கீழே எழுதியிருக்கும். அதற்குப் பின்னணி இசை போட்டுச் சிரிப்பு வீடியோவாகப் போட்டார்கள். நாமும் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்கு அனுப்பினோம். 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது, காவல் நிலையக் கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா என்று. நீதிபதிக்கு வந்த அந்தக் கேள்வி நமக்கு ஏன் வரவில்லை? அவனுக்கு வலிக்கும் என்று நினைக்கவே நம்மைப் பழக்கவில்லை, அதனால்தான்.

கேரம் என்றேனே. படத்தில் அந்தப் பலகையைக் காட்டினாலே பக்கத்தில் யாரையோ வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன் ஆனவர் நம் சென்னைக்காரர் மரிய இருதயம். கேரம் ஆடி அர்ஜுனா விருது வாங்கியவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். பதினேழு வயது! அவரைக் கொண்டாடினார்கள், உண்மை. ஆனால் எனக்குக் கேட்டது அந்தக் கொண்டாட்டத்துக்குள் இருந்த ஆச்சரியம். ‘அங்கேயிருந்தா?’ என்கிற ஆச்சரியம். அண்ணா நகரில் ஒரு பெண் ஜெயித்தால் அந்த ‘அங்கேயிருந்தா’ வருவதில்லை.

நடுவர் முதல் மணி அடித்துவிட்டார். 1918இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர்கள் எங்கள் பின்னி ஆலைத் தொழிலாளர்கள். அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த தாத்தாக்களின் பேரன்கள்தான் இன்றைக்கு உங்கள் சிக்னலில் நிற்கிறார்கள். இதை விரித்துச் சொல்ல ஆசை, நேரம் இல்லை.

2023 டிசம்பரை மட்டும் சொல்லிவிடுகிறேன். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய் வந்து படிந்தது. எங்கள் மீனவப் பிள்ளைகள் படகில் போய் மக்கிலும் பக்கெட்டிலும் அதை அள்ளினார்கள். முழங்கை வரைக்கும் கறுப்பு. தொலைக்காட்சியில் அதைக் காட்டவும் செய்தார்கள். ஆனால் கத்தி பிடித்த கைதான் வடசென்னைக் கை என்று மனதில் நின்றுவிட்டது. எண்ணெய் அள்ளிய கை யார் மனதிலும் நிற்கவில்லை.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு நிமிடம் ஐயா, என் தம்பிக்குக் கல்யாணம்.

போன வாரம் பத்திரிகை அடிக்கக் கொடுத்தோம். அச்சகத்தில் இருந்து புரூஃப் வந்தது. தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் மெதுவாக, ‘அம்மா, ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுக்கணும். மேலாளர் வருவாரு. ஊர் பேரு மட்டும் பெரம்பூர்னு போட்டுடலாமா?’ என்றான்.

எங்கள் அம்மா அந்தத் தெருவில் நாற்பது வருடமாக இட்லி சுடுகிறவர். நானும் அவனும் படித்த படிப்பு அந்த இட்லிச் சட்டியில் வந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். புரூஃபை வாங்கினார். எங்கள் அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட்டிருந்தது, அதை விரலால் தடவினார். அடுத்த வரி தெருப் பெயர், அதையும் தடவினார். விரல் ஊர்ப் பெயருக்கு வந்து நின்றது.

‘உங்கப்பாவ இங்கேர்ந்துதானேடா தூக்கிட்டுப் போனோம்’ என்றார். அவ்வளவுதான். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

தம்பி அந்த இடத்தில் எதையும் திருத்தவில்லை. வியாசர்பாடி என்றே அச்சாகி வந்துவிட்டது. கட்டு என் பையில் இருக்கிறது. வைகாசியில் கல்யாணம், வரவேற்பு எங்கள் தெருவிலேயே பந்தல் போட்டு. நடுவர் ஐயா, உங்களுக்கு முதல் பத்திரிகை. தாம்பரத்து அம்மாவுக்கு என் தம்பியே நேரில் போய்க் கொடுக்கப் போகிறான்.

எதிரணி நண்பரே, இது உங்களுக்கு. குடும்பத்தோடு வாருங்கள். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் போன் பண்ணுங்கள், முடிக்குக் கலர் அடித்த பையன்கள் நாலு பேர் பைக்கில் வந்து உங்களை அழைத்துப்போவார்கள்.