சட்டியும் அகப்பையும்

(பள்ளி வாசகர் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தாளாளர் அவர்களே, என்னைப் பற்றி எனக்கே தெரியாத சிறப்புகளையெல்லாம் எடுத்துச் சொல்லி வரவேற்ற தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, துணைச் செயலாளர் அவர்களே, மேடைக்கு வர மறுத்துக் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் நூலகர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஐந்து வாழ்த்துரைகளை அசையாமல் உட்கார்ந்து கேட்டதற்காகவே பரிசு பெறத் தகுதியுள்ள மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நூலகரைக் கடைசியில் விளித்தது என் பிழை. வாசகர் மன்றத் தொடக்க விழாவில் முதலில் விளிக்க வேண்டியவர் அவர்தான். ஆனால் அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை. நான் அழைப்பிதழைப் பார்த்துப் பழகியவன். அம்மா, மன்னியுங்கள்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'வாசிப்பும் எழுத்தும்'. நேரம் இருபது நிமிடம். மூன்று செய்திகள் சொல்வதாக இருக்கிறேன். வாசிப்பு எழுத்துக்கு என்ன செய்கிறது என்பது ஒன்று. எழுத்து வாசிப்புக்கு என்ன செய்கிறது என்பது இரண்டு. தேர்வுக்காக மட்டும் படிப்பவர்கள் இந்த இரண்டிலும் எதை இழக்கிறார்கள் என்பது மூன்று.

'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பது பழமொழி. நான் ஏறிய மேடைகளில் இதைச் சொல்லாமல் இறங்கியது கிடையாது. வீட்டில் இதைத் தொடங்கினாலே எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் எழுந்து போக முடியாது என்ற துணிச்சலில் இங்கே சொல்கிறேன். சட்டி என்பது வாசிப்பு. அகப்பை என்பது எழுத்து. கட்டுரை எழுதச் சொன்னால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிற மாணவனைச் சோம்பேறி என்று திட்டுகிறோம். பாவம், அவன் அகப்பையை விட்டுத் துழாவிக்கொண்டுதான் இருக்கிறான். சட்டியில் ஒன்றும் இல்லை.

முதல் செய்தி உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் விரைவாகக் கடந்துவிடுகிறேன். நிறைய வாசிப்பவருக்குச் சொல் பெருகும் என்கிறோம். சொல் மட்டுமா? 'படித்துப் பார்த்தான்' என்று எழுதும்போது நடுவில் 'ப்' வருகிறது. 'வந்து பார்த்தான்' என்று எழுதும்போது வருவதில்லை. ஏன் என்று கேட்டால், வன்தொடர்க் குற்றியலுகரம், மென்தொடர்க் குற்றியலுகரம் என்று இங்கே இருக்கும் தமிழாசிரியர்கள் விளக்குவார்கள். ஆனால் அந்த விதியின் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஏழாம் வகுப்புப் பெண் இரண்டையும் பிழையில்லாமல் எழுதுவாள், அவள் கதைப் புத்தகம் படிக்கிறவளாக இருந்தால். ஆயிரம் முறை பார்த்த கண்ணுக்கு விதி தேவைப்படுவதில்லை. ரகர றகரமும் ளகர ழகரமும் அப்படித்தான். விதி வேண்டாம் என்று நான் சொல்வதாகத் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் முப்பது ஆண்டுகள் அந்த விதியை நடத்தியவன்தான்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். பழமொழி பாதியில் நிற்கிறது என்பது என் கட்சி. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், சரி. அகப்பை போட்டுக் கிளறாத சட்டி என்ன ஆகும்? அடிப்பிடிக்கும். இந்த இரண்டாம் பாதியை நான்தான் சேர்த்தேன். பழமொழி அகராதியில் தேடாதீர்கள்.

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சூரியனைப் பற்றி ஒரு பகுதி, கடல் நீர்நாயைப் பற்றி ஒரு பகுதி. ஒன்றைப் படித்துவிட்டு மறுபடியும் படிக்க வேண்டும். இன்னொன்றைப் படித்துவிட்டு மூடி வைத்து, நினைவில் நிற்பதை வெற்றுத் தாளில் எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடியும் படித்ததுதான் வென்றது: அதில் 81 விழுக்காடு நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்து இன்னொரு குழுவைச் சோதித்தார்கள். மறுபடியும் படித்தது 42க்கு இறங்கிவிட்டது. எழுதிப் பார்த்தது 56இல் நின்றது. தேர்வு அறை வாசலில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே நிற்கிறீர்களே, அந்தப் பழக்கம் ஏன் உங்களை விடமாட்டேன் என்கிறது தெரிகிறதா? ஐந்து நிமிடத்துக்கு அது வேலை செய்கிறது!

பெஞ்சமின் பிராங்க்ளின் பெயர் கேட்டிருப்பீர்கள், இடிதாங்கிக்காரர். 1706இல் பிறந்தார்; பத்து வயதோடு பள்ளி முடிந்துவிட்டது; பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை கற்றுக்கொள்ளப் போனார். அங்கே இருந்த நாளில் 'ஸ்பெக்டேட்டர்' என்ற இதழின் தொகுதி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதன் நடையில் மயங்கிவிட்டார். மயங்கியவர் சும்மா இருக்கவில்லை. ஒரு கட்டுரையை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாள் அதைத் தொடமாட்டார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டுரை முழுவதையும் தம் சொற்களில் எழுதுவார். எழுதி முடித்துப் பக்கத்தில் மூலத்தை வைத்து ஒப்பிடுவார். தம்மிடம் சொற்கள் போதவில்லை என்பது அப்போது தெரிந்தது. அதற்கு ஒரு வழி செய்தார்: உரைநடைக் கதைகளை எடுத்துச் செய்யுளாக்கினார். செய்யுளில் ஓசைக்கும் அளவுக்கும் ஏற்பப் புதுப்புதுச் சொல் தேட வேண்டுமே! மூலம் மறந்த பிறகு அந்தச் செய்யுளை மறுபடியும் உரைநடையாக்கினார். சில நேரம் குறிப்புகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துவிட்டு, எது முன், எது பின் என்று தாமே அடுக்கிப் பார்த்தார். இதெல்லாம் வேலை முடிந்த இரவிலும் வேலை தொடங்காத காலையிலும். எப்போதாவது ஓரிரு இடங்களில் மூலத்தைவிடத் தாம் எழுதியது மேல் என்று தோன்றியதாம். அதையும் மறைக்காமல் தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

தன் சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அகப்பை விட்டுப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். வாசித்துக்கொண்டே இருந்திருந்தால் எல்லாம் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

கணக்கு ஆசிரியர் அங்கே சிரிக்கிறார். இதெல்லாம் மொழிப்பாடக்காரர்கள் சண்டை என்று நினைக்கிறார் போலும். ஐயா, இராமானுசன் என்ன செய்தார்? 1903 வாக்கில் கார் என்பவர் தொகுத்த கணக்குப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான முடிவுகள், பெரும்பாலும் விரிவான நிறுவல் இல்லாமல். வெறுமனே படித்துப் போகிறவருக்கு அது மருந்துக் கடைப் பட்டியல். அவரோ ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்த்தார். போட்டுப் பார்த்ததில் தமக்குத் தோன்றியவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்து நோட்டுகளை 1957இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அப்படியே படமெடுத்து அச்சிட்டது. கையெழுத்து நோட்டு என்று சொன்னேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

இப்போது ஒரு கதை. நேரம் ஆகும், பரவாயில்லை.

நான் ஆசிரியராக இருந்தபோது எட்டாம் வகுப்பில் மாதம் ஓர் இதழ் வரும். அச்சு இல்லை, கையெழுத்துப் பத்திரிகை. ஒரே படி. வகுப்புக்குள் சுற்றி வந்து, கடைசியில் எண்ணெய்க் கறையோடு என் மேசைக்கு வந்து சேரும். ஒரு மாதம், அதுவரை ஒரு வரிகூட எழுதித் தராத பையன் தொடர்கதை என்று நான்கு பக்கம் கொண்டுவந்து நீட்டினான். பழைய வீடு; சுவர்க் கடிகாரம் காணாமல் போகிறது; வீட்டில் ஐந்து பேர்; எடுத்தது யார்? இரண்டாவது பத்தியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கடிகாரத்தை எடுத்தவர் யார் என்பது அல்ல, கதையை எடுத்தவர் யார் என்பது. 'எங்ஙனம்' என்று ஒரு சொல். இவனுக்கு ஏது எங்ஙனம்?

கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திருடனைப் பிடிப்பதைவிடக் கதை என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசை எனக்கு. நான்கு மாதம் கதை ஓடியது. இதழ் வருகிற நாளில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து நிற்கும்.

ஐந்தாம் மாதம் அவன் என் மேசைக்கு வந்து, "ஐயா, கதையை நிறுத்திவிடலாமா?" என்றான். ஏன் என்றேன். பேசாமல் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தான். பள்ளி நூலகப் புத்தகம். அட்டை இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை.

"மீதியைக் கரையான் படித்துவிட்டது ஐயா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படியானால் மீதியை நீ எழுது" என்றேன்.

"யார் எடுத்தது என்று எனக்குத் தெரியாதே ஐயா!"

"தெரியாதவர்கள்தான் வரிசையில் நின்று கேட்கிறார்கள். போய்க் கண்டுபிடி."

ஒரு வாரம் ஆளையே காணோம். கதையை முதலிலிருந்து படித்தானாம். மறுபடியும் படித்தானாம். ஐந்து பேர் பெயரையும் தாளில் எழுதி, அன்று இரவு யார் எங்கே இருந்தார்கள் என்று கட்டம் போட்டானாம். பிறகு ஒருநாள் ஆசிரியர் அறைக்குள் அனுமதி கேட்காமல் ஓடி வந்தான். "ஐயா, பாட்டி! இரண்டாம் அத்தியாயத்தில் பாட்டிக்குக் காது அறவே கேட்காது என்று இருக்கிறது. நான்காம் அத்தியாயத்தில், நேற்று கடிகாரம் பன்னிரண்டு அடித்ததே என்று பாட்டி சொல்கிறாள்!"

அந்த வரியை நான் படித்திருந்தேன். வகுப்பே படித்திருந்தது. அவன் தன் கையாலேயே அதைப் படியெடுத்திருந்தான். அப்போதெல்லாம் அது யார் கண்ணிலும் படவில்லை. சொந்தமாக ஒரு முடிவு எழுதியாக வேண்டும் என்று கழுத்தில் கத்தி வந்த பிறகுதான் பட்டது.

இறுதிப் பகுதி வந்தது. 'முதல் நான்கு பகுதிகள் என்னுடையவை அல்ல, இது என்னுடையது' என்று கீழே ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன், எழுதினான். சில ஆண்டுகள் கழித்து அதே புத்தகத்தின் முழுப் படி ஒன்று எனக்குக் கிடைத்தது. ஆவலாகக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். கடிகாரத்தை மருமகன் பழுதுபார்க்க எடுத்துப் போயிருந்தானாம்! அவ்வளவுதான். அந்தப் பையனைத் தேடிப் போய்க் காட்டினேன். அப்போது அவனுக்கு மீசை முளைத்திருந்தது. நின்றபடியே படித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஐயா, இவர் இரண்டாம் அத்தியாயத்தை மறந்துவிட்டார்."

(நீண்ட கைதட்டல்.)

கைதட்டல் அவனுக்கு. அச்சில் வந்ததெல்லாம் வேதம் என்று நினைத்திருந்த பையன், எழுதிய பிறகு அச்சிட்டவரிடமே கணக்குக் கேட்கிறான். 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்று பவணந்தியார் நன்னூலில் மாணவர்க்குச் சொல்லி வைத்தாரே, அதுதான் இது. புத்தகத்தோடு வாதாட ஒருவனுக்குத் துணிவு வர வேண்டுமானால் அவன் ஒருமுறையாவது எழுதித் தவித்திருக்க வேண்டும்.

ஆகையால் தாளாளர் அவர்களே, நான் சுற்றி வளைத்து வந்த இடம் இதுதான்: ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை வேண்டும். உங்கள் பள்ளி ஆண்டு மலரைப் பார்த்தேன். வழவழப்பான தாள், அழகான அச்சு, தங்கள் வாழ்த்துரை மிக நன்றாக இருக்கிறது. பதினோரு வாழ்த்துரைகள் இருக்கின்றன. எல்லாமே நன்றாக இருக்கின்றன. மாணவர்கள் எழுதிய பக்கங்களை எண்ணினேன். ஆறு. அதில் இரண்டு விடுகதை. ஆண்டுக்கு ஒருமுறை அகப்பையைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினால் சட்டி அடிப்பிடிக்காமல் என்ன செய்யும்?

பெற்றோர் சிலர் முகத்தில் மதிப்பெண் கவலை தெரிகிறது. 56, 42 என்ற எண்களை மறுபடியும் சொல்லமாட்டேன். கணினியில் தட்டச்சு செய்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். நான் கேட்பது ஒரே படி உள்ள இதழ். தொலைந்தால் போயிற்று என்ற பயத்தோடு கை மாறுகிற இதழ். பக்கத்து பெஞ்சுக்காரர் படிப்பார் என்று தெரிந்து எழுதுவதும், பக்கத்து பெஞ்சுக்காரர் எழுதியது என்று தெரிந்து படிப்பதும் வேறு வகை.

சிவப்பு மை அந்த இதழைத் தொடக்கூடாது; பிழை திருத்துவது மாணவ ஆசிரியர் குழுவின் வேலை. திருத்தவாவது அகராதியைத் திறப்பார்கள். வகுப்பாசிரியரும் மாதம் ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதாத ஆசிரியர் எழுதச் சொன்னால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நூலகர் அம்மாவிடம் கேட்பது ஓர் அடுக்கு. ஒரே ஓர் அடுக்கு. அந்த இதழ்களுக்கு மற்றப் புத்தகங்களைப் போலவே எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். தன் எழுத்துக்கு நூலக எண் கிடைத்த பிள்ளை அந்த அடுக்கைப் பார்க்க வருவாள். வந்தவள் பக்கத்து அடுக்கையும் பார்ப்பாள்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. இரண்டாவது சீட்டு என்கிறார் செயலாளர். முதல் சீட்டை நான் குறிப்புத் தாள் என்று நினைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மன்னிக்க வேண்டும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வகுப்புகளுக்கு, என் கையால் தைத்த ஏழு வெற்று நோட்டுகள் அந்தப் பையில் இருக்கின்றன. தலைமையாசிரியர் அம்மையார் பெற்றுக்கொள்ள வேண்டும். அட்டையில் பெயர் எழுதவில்லை; இதழுக்குப் பெயர் வைப்பது வகுப்பின் உரிமை. வாழ்த்துரைக்கு என்று பக்கம் எதுவும் ஒதுக்கவில்லை.

மூன்றாவது செய்தி ஒன்று சொல்வதாகச் சொன்னேன். அதை எழுதி அனுப்புகிறேன். எட்டாம் வகுப்பு இதழில் இடம் இருந்தால் போடுங்கள். பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். வணக்கம்.