விரல் மடங்க எத்தனை நிமிடம்? முடக்குவாதத்தைப் புரிந்துகொள்வோம்

[காட்சி: சேலம் செவ்வாய்ப்பேட்டை. கொலுசுப் பட்டறை ஒன்றின் உள்பக்கம். குறடு பிடித்த கை, தட்டில் வெள்ளி வளையங்கள்.]

குரல்: என் பெரியம்மா முப்பது வருடம் இந்த வேலை செய்தவர். மிளகைவிடச் சின்ன வளையங்களைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கோத்துவிடுவார். ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போயிருந்தேன். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருந்தார்.

"கத்திரிக்கோல் இல்லையா பெரியம்மா?"

"இருக்கிறது கண்ணு. பிடிக்கத்தான் வரவில்லை. எட்டு மணி ஆனால் விரல் தானாக மடங்கிவிடும்."

அந்த 'எட்டு மணி' காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. வயசாகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். நோயின் பெயரையே அவர் அன்று சொல்லிவிட்டிருந்தார்.

[காட்சி: சுவர்க் கடிகாரம். முள் ஆறிலிருந்து எட்டுக்கு நகர்கிறது.]

முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் காலையில் பிடிப்பு இருக்கும். நாலு நடை நடந்தால் போய்விடும். பெரும்பாலும் அரை மணி நேரம்கூடத் தாண்டாது. பகல் முழுக்க நின்று வேலை செய்தால் மாலையில்தான் அது வலிக்கும். முடக்குவாதம் இதற்கு நேர்மாறு. இரவு முழுக்க ஓய்வெடுத்த மூட்டுதான் காலையில் இறுகிக் கிடக்கும். ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அசைக்க அசைக்கத்தான் இளகும். அதனால் மருத்துவரிடம் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுந்த பிறகு விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று சொல்லுங்கள்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் எல்லாமே வாதம்தான். கை கால் விழுந்தால் பக்கவாதம், போலியோ வந்தால் இளம்பிள்ளைவாதம், மூட்டில் எது வந்தாலும் வாதம், அல்லது வாயு. முடக்குவாதத்துக்கும் பக்கவாதத்துக்கும் எந்த உறவும் இல்லை. இது நரம்பிலோ மூளையிலோ தொடங்கும் நோயும் இல்லை. ஆங்கிலத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ. சிலர் இதைச் சரவாங்கி என்றும் சொல்வார்கள்.

[காட்சி: மூட்டின் வரைபடம். இரண்டு எலும்பு முனைகள், நடுவில் குருத்தெலும்பு, சுற்றிலும் மெல்லிய சவ்வு.]

மூட்டின் உள்பக்கத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. எண்ணெய் போன்ற திரவத்தைச் சுரந்து மூட்டை வழுக்கலாக வைத்திருப்பது அதன் வேலை. கிருமியை விரட்ட வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல், முடக்குவாதத்தில் இந்தச் சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, எலும்பின் ஓரத்தை அரிக்கத் தொடங்குகிறது.

வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சேலத்துக்காரர்களுக்குச் சொல்வது எளிது: முடக்குவாத வீக்கம் ஊறிய ஜவ்வரிசி போல மெத்தென்று இருக்கும். தேய்மானத்தால் வரும் புடைப்பு புளியங்கொட்டை போலக் கல்லாக இருக்கும். இடமும் வேறு. தேய்மானம் விரலின் நுனிக் கணுவைப் பிடிக்கும். முடக்குவாதம் நுனியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, விரல் தொடங்கும் முட்டிகளையும் நடுக் கணுக்களையும் மணிக்கட்டையும் பாத விரல்களின் அடியையும் பிடிக்கும். ஒரு கையில் வந்தால் பெரும்பாலும் மறு கையிலும் வரும்.

[காட்சி: மருத்துவர் ஒருவர் நோயாளியின் கை முட்டிகளைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்துகிறார்.]

கை குலுக்குவது போல இப்படி அழுத்தினால் வலியில் கையை இழுத்துக்கொள்கிறார் பாருங்கள். இயந்திரமே வேண்டாத பரிசோதனை இது.

மூட்டோடு இது நிற்பதில்லை. காரணமில்லாத அசதி, லேசான காய்ச்சல், ரத்தசோகை, கண் உலர்வது எல்லாம் சேர்ந்து வரலாம். நுரையீரலையும் இதயத்தையும்கூடப் பாதிக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து கூடும்.

[காட்சி: ஏற்காடு. காபிச் செடிகளுக்கு இடையே மூடுபனி. பழம் பறிக்கும் கைகள்.]

சேர்வராயன் மலையில் கேட்டால் "பனிதான் காரணம்" என்பார்கள். டிசம்பர் மாதப் பனியில் நனைந்தபடி காபிப் பழம் பறிப்பவர்களுக்கு விரல் விறைத்துப் போகும், உண்மைதான். குளிர், இருக்கிற வலியைக் கூட்டிக் காட்டலாம், நோயை உண்டாக்காது. அப்படியானால் சேலத்து வெயிலில் ஒருவருக்கும் இது வரக் கூடாதே! சாப்பாட்டின் மேல் போடும் பழியும் இதே கதைதான். யாரோ சொன்னார்கள் என்று பெரியம்மா புளியை விட்டார், தக்காளியை விட்டார், கடைசியில் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டையும் விட்டார். வீக்கம் அப்படியே இருந்தது.

இப்போது எரிச்சலான பகுதிக்கு வருகிறேன். வலி வந்த முதல் வருடம் அவர் போனது தெருக்கோடியில் இருந்த ஒரு சின்ன கிளினிக்குக்கு. ஓர் ஊசி, பெயர் எழுதாத பொட்டலத்தில் சில மாத்திரைகள். மறுநாளே விரல் பூப்போல மடங்கியது. "கைராசிக்கார டாக்டர்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். பத்து மாதத்தில் முகம் நிலவு போல உப்பியது, சர்க்கரை ஏறியது. அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது.

ஸ்டீராய்டின் மாயம் உலகத்தையே மயக்கியிருக்கிறது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். அசைய முடியாமல் கிடந்த பெண் சில நாட்களில் நடந்தார். 1950இல் ஹென்ச்சும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். பக்கவிளைவுகளின் கணக்கு அதற்குப் பின்னால் வந்தது. இன்றைக்கும் அது பயன்படுகிறது: முக்கிய மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரைக்கும், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு. நாள்கணக்கில் சாப்பிட்டவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தவும் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். 'ஆர்.ஏ. பாசிட்டிவ்' என்று தாளில் பார்த்ததும் அழுபவர்கள் உண்டு. ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற அந்த எதிர்ப்பொருள், நோயாளிகள் 100 பேரில் சுமார் 70 முதல் 80 பேருக்குத்தான் தென்படும். நோயே இல்லாத சிலருக்கும் தென்படும். ஆன்டி சி.சி.பி. என்ற சோதனை இதைவிட நம்பகமானது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சி எவ்வளவு என்று மட்டும் காட்டும். யூரிக் அமிலம் வேறு நோய்க்கானது. எக்ஸ்ரே தொடக்கத்தில் சாதாரணமாகவே இருக்கும். அதில் அரிப்பு தெரிகிற வரை காத்திருந்தால் எலும்பு போயிருக்கும். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கும் மாதக்கணக்கில் இதே மாதிரி வலி நீடிக்கலாம், அதனால் காய்ச்சல் வந்ததா என்று மருத்துவர் கேட்பார். மூட்டு வீக்கம் ஆறு வாரம் தாண்டினால் மூட்டுவாத நிபுணரை (ருமட்டாலஜிஸ்ட்) பாருங்கள். எலும்பு மருத்துவரிடம் ஓடுவதுதான் நம் வழக்கம். ஆனால் இது முதலில் மருந்தால் அடக்க வேண்டிய நோய்.

[காட்சி: மாதக் காலண்டர். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் சிவப்பு வட்டம்.]

முதல் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இதைத் திரும்பவும் சொல்கிறேன்: வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டுவிட்டு எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. வாய்ப்புண் வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். செவ்வாய்ப்பேட்டைக்காரி என்பதால் பெரியம்மா செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தார், மறக்கவே மறக்காது. ஃபோலிக் அமில மாத்திரை வேறொரு நாளில்.

"இது கேன்சர் மாத்திரையாமே" என்று ஒரு மருந்துக்கடையில் சொல்லி அவரைப் பயமுறுத்திவிட்டார்கள். மருந்து ஒன்றுதான், அளவு வேறு. இதன் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கல்லீரல் பரிசோதனையும் ரத்த அணு எண்ணிக்கையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மது கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதோடு ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்லுனமைடு என்ற மருந்துகளும் சேரலாம். இவற்றுக்கும் அடங்காவிட்டால், எதிர்ப்பாற்றலின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் தடுக்கும் பயாலஜிக் ஊசிகள் இருக்கின்றன. விலை அதிகம், காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே போடுவார்கள்.

[காட்சி: மீண்டும் பட்டறை. பெரியம்மாவின் கைகள், பேத்தியின் கொலுசு.]

பெரியம்மாவுக்கு இப்போது ஆறேகாலுக்கே விரல் மடங்குகிறது. கத்திரிக்கோல் பிடிக்கிறார், தட்டுவடை செட்டும் சாப்பிடுகிறார். வலது ஆள்காட்டி விரல் மட்டும் அந்தப் பத்து மாதத்தில் சாய்ந்தது, சாய்ந்தபடியே இருக்கிறது. பேத்தியின் கொலுசுத் திருகை நடுவிரலாலும் கட்டைவிரலாலும்தான் முடுக்குகிறார்.