நீங்க போடுற போட்டோவை வச்சு பார்க்குக்கு வர்ற கூட்டத்தை எப்படி அளக்கிறாங்க?

[திரையில்: நாலு பக்கமும் வாசல் இருக்கிற ஒரு பார்க், மேலிருந்து]

மியூசியத்துக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு டிக்கெட்டை எண்ணினா தெரிஞ்சிடும். பொது பார்க்குக்கு டிக்கெட்டும் இல்ல, ஒரே வாசலும் இல்ல, விடியக்காலை வாக்கிங்ல ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க, எல்லா பார்க்கிலும் வருஷம் முழுக்க ஆள் போட்டு எண்ணுறதுன்னா யாருக்குமே கட்டுப்படியாகாது.

அதனாலதான் போட்டோ பக்கம் போனாங்க. லொகேஷன் ஆன்ல இருந்தா எந்த இடம், எந்த நாள், எத்தனை மணின்னு போட்டோ ஃபைலுக்குள்ளயே பதிவாகிடும். 2013ல வந்த ஒரு ஆய்வுல உலகம் முழுக்க 836 சுற்றுலா இடங்களை எடுத்து, போட்டோ பகிர்ற வெப்சைட்டான ஃப்ளிக்கர்ல இருக்கிற போட்டோ கணக்கையும் அங்க நிஜமா வந்தவங்க கணக்கையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. ஆள் அதிகமா வர்ற இடத்துல போட்டோவும் அதிகமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நியூயார்க் பார்க்குகளுக்கும் இதே முறையில ஃப்ளிக்கர், ட்விட்டர் ரெண்டையும் வச்சு ஆய்வு பண்ணாங்க.

ஆனா போட்டோவை அப்படியே எண்ணக் கூடாது. ஒருத்தர் ஒரே பூச்செடி முன்னாடி நின்னு நாப்பது கிளிக் பண்ணுவாரு, அதுக்காக நாப்பது பேர் வந்ததா ஆகிடுமா? அதனால ஒரு ஆள் ஒரு நாள்ல ஒரு இடத்துல எத்தனை போட்டோ போட்டாலும் கணக்கு ஒண்ணுதான். இதுக்கு போட்டோ யூசர் டேன்னு பேரு.

[திரையில்: அதே பார்க், இப்ப போட்டோ எடுத்த இடமெல்லாம் புள்ளி புள்ளியா]

எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுறது மொத்த எண்ணிக்கை இல்ல, பார்க்குக்குள்ள எந்த மூலையில கூட்டம் சேருதுங்கிறதுதான். குளத்தோரம் நல்ல வியூ இருக்குன்னு நாலு பேர் பாதையை விட்டு இறங்கினா புல் சாயும், அதைப் பார்த்து இன்னும் பத்து பேர் இறங்குவாங்க, மண்ணு இறுகிப்போய் மழைத்தண்ணி உள்ள இறங்காது, வேருக்குக் காத்தும் கிடைக்காது. இதுல கவனிக்க வேண்டியது, மிதிபடுறதால வர்ற சேதத்துல பெரும்பகுதி ஆரம்பத்துலயே வந்துடும், ஏற்கனவே மொட்டையான இடத்துல இன்னும் நூறு பேர் நடந்தா புதுசா கெடுறது கம்மிதான். அப்போ தினமும் கூட்டம் நிக்கிற வாசலை விட, போன வருஷம் வரைக்கும் புள்ளியே இல்லாம இருந்து இப்ப புதுசா நாலஞ்சு புள்ளி விழுந்திருக்கிற மூலையைத்தான் முதல்ல போய்ப் பார்க்கணும். நேர்ல போய்த்தான் பார்க்கணும், ஏன்னா மரத்தடியில ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும், பாதையில நின்னவரையே புல்லுக்குள்ள நிக்கிற மாதிரி காட்டிடும்.

இப்ப இதோட பெரிய ஓட்டை. தினமும் வந்து அதே பெஞ்சுல உக்காந்துட்டுப் போற பெரியவர் போட்டோ போடமாட்டாரு. குழந்தையை ஊஞ்சல்ல ஆட்டுற அம்மாவும் எப்பவாவதுதான் போடுவாங்க. டூரிஸ்ட் போடுவாரு! அதனால பேர்போன பார்க் எப்பவும் மேலயே நிக்கும், தெருமுனையில இருக்கிற சின்ன பார்க்ல நிஜமாவே கூட்டம் இருந்தாலும் காலியா இருக்கிற மாதிரி தெரியும், அதை நம்பி பராமரிப்புக் காசை வெட்டினா அடிபடுறது அங்க தினமும் வர்றவங்கதான்.

இன்னொண்ணு, ஆப் மாறினா கணக்கும் மாறும். 2019ல ட்விட்டர், ட்வீட்ல துல்லியமான லொகேஷன் சேர்க்கிற வசதியை எடுத்துடுச்சு. அந்த வருஷம் புள்ளி குறைஞ்சா கூட்டம் குறைஞ்சதுன்னு எப்படி சொல்றது?

அதனால சில பார்க்லயாவது வாசல்ல ஆள் எண்ணுற கருவி வைக்கணும், பெருசு சிறுசு ரெண்டும் கலந்து, வார நாள் லீவு நாள் ரெண்டும் சேர்த்து. அந்த நிஜ எண்ணிக்கையோட ஒப்பிட்டு, எந்த மாதிரி பார்க்ல ஒரு போட்டோ யூசர் டேக்கு சுமாரா எத்தனை பேர்னு தனித்தனியா கண்டுபிடிச்சிட்டு, அப்புறம்தான் மத்த பார்க்குகளுக்குக் கணக்குப் போடணும்.